நாற்பத்தொன்றாம் இருக்கை

கள்ளத்தொடர்புக்கு ரசீது கேட்டு வாங்கிய மனிதரை ரேடியோ தன் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தான். ஆளை அல்ல, ரசீதை.

“மேடம், இதைக் கேளுங்க. ஓட்டல் அறை 608. மதியம் ரெண்டு மணியிலிருந்து நாலு வரைக்கும். சாப்பாடு ரெண்டு. என்ன தலைப்புல செலவு எழுதியிருக்கார் தெரியுமா? ‘தொகுதி மக்கள் சந்திப்பு’. தொகுதியில ஒரே ஒருத்தரைத்தான் சந்திச்சிருக்கார் போல.”

“சிரிச்சு முடிச்சிட்டு அடுத்த பக்கத்தை எடு,” என்றாள் தணிக்கை.

அரசுத் தணிக்கைத் துறையில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியதால் வந்த பெயர் அது. மேலதிகாரியின் கார் ஒரே வருடத்தில் இருபத்திரண்டு டயர் தின்றதைக் கோப்பில் எழுதி வைத்தாள், வேலை போனது. இப்போது தனியார் துப்பறியும் நிலையம். அவளுடைய உதவியாளன் ரேடியோ முன்பு பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். பேருந்து வராது என்பதோடு ஏன் வராது என்பதையும் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்ததால் அவனுக்கும் வேலை போனது. இப்படி இரண்டு பேரும் வாயால் கெட்டு ஒரே அறையில் வந்து சேர்ந்தவர்கள்.

மேசையில் ஒன்பது பக்க அச்சுப் பிரதி கிடந்தது. சட்டசபை உறுப்பினர்கள் எத்தனை நாள் வந்தார்கள், எதற்கு எப்படி ஓட்டுப் போட்டார்கள், என்ன வேலை செய்தார்கள், என்ன செலவு எழுதினார்கள் என்று மாதாமாதம் தோண்டியெடுத்து இணையத்தில் போடும் சிறு குழு ஒன்று இருக்கிறது. நாலு பேர், மூன்று கணினி, ஏழு அவதூறு வழக்கு. அதில் ஒரே ஒரு உறுப்பினரின் பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தவள், அந்த உறுப்பினரின் மனைவி.

அவள் பல் டாக்டர். மூன்று மாதத்துக்கு முன் ஒரே மகனைப் பறிகொடுத்தவள். இருபத்திரண்டு வயதுப் பையன். மோட்டார் சைக்கிளை லாரி தட்டிவிட்டது. வழிப்போக்கர்கள் தூக்கிப் போய்ச் சேர்த்த மருத்துவமனை, சபையின் பின்வாசலுக்கு எதிர்த் தெருவில் இருந்தது. நடந்தால் நாலு நிமிடம். முன்பணம் வேண்டும், கையெழுத்துப் போடச் சொந்தக்காரர் ஒருவர் நேரில் வேண்டும், அதுவரை அறுவை அறை திறக்காது என்றார்கள். டாக்டரம்மா ஊரின் மறுகோடியில் தன் கிளினிக்கில் இருந்தாள். கைப்பேசி சபைக்குள் போகாது என்பதால் அலுவலகத்துக்குப் போன் செய்து கணவரிடம் உடனே சொல்லச் சொல்லிவிட்டு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து. பையன் நடைவழியில் தள்ளுவண்டிக் கட்டிலில் கிடந்தான். நாலு இருபத்தைந்துக்கு உயிர் போய்விட்டது. கணவர் வந்தது நாலரைக்கு. அரை மணி முன்னால் கத்தி வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று அறுவை மருத்துவர் அவளிடம் சொன்னார். அவள் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார்.

அதே நாள், அதே நேரம், சபையில் ஓட்டுக்கு வந்தது ஒரு மசோதா. விபத்தில் அடிபட்டவரை முன்பணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது. கொண்டுவந்தவர் அவள் கணவர். ஆதரவு 57, எதிர்ப்பு 58. ஒரே ஓட்டில் தோற்றது. எதிர்த்து விழுந்த ஓட்டுகளில் ஒன்று நாற்பத்தொன்றாம் இருக்கையிலிருந்து வந்தது. அது மசோதாவைக் கொண்டுவந்தவரின் சொந்த இருக்கை.

வேறு நாளாக இருந்தால் பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கும். மகன் செத்த அன்று தகப்பனைக் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ‘பொத்தான் தவறிவிட்டது’ என்று ஒரு வரி அறிக்கை விட்டார். ஊரும் உச்சுக் கொட்டி நம்பியது.

மனைவிக்குக் கிடைத்தது வேறு கதை. இணையத்தில் அந்த ஓட்டல் செலவைப் பார்த்துவிட்டு அவள் கேட்டபோது, அவர் காலில் விழுந்து அழுதார். அன்று சபையிலேயே இல்லையாம். ஒரு பெண்ணோடு ஓட்டலில் இருந்தாராம். பக்கத்து இருக்கை நண்பர் இவருக்கும் சேர்த்துப் பொத்தானை அமுக்கியபோது தப்பாக அமுக்கிவிட்டாராம். மனைவியின் செய்தி அதனால்தான் கைக்கு வரவில்லையாம். பெண் யார் என்று மட்டும் சொல்ல மறுத்தார்.

“அவ பேரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க,” என்று டாக்டரம்மா இந்த அறையில் உட்கார்ந்து கேட்டிருந்தாள். “ஆள் தெரியாமத்தான் தூக்கம் வரல. பேர் தெரிஞ்சா ஒரு நாள் அழுது தீர்த்துட்டு அவர் பக்கத்துலயே இருந்துடுவேன். இருபத்தஞ்சு வருஷமாச்சு. எனக்கும் வேற யாரும் இல்லை.”

கெடு இன்றைக்கு மாலை. அதே மசோதாவை இறந்த மகனின் பெயரோடு மறுபடி கொண்டுவரப் போவதாக அறிவிக்க, கிளினிக்குக்கு எதிர்த் திடலில் நாலரை மணிக்குப் பொதுக்கூட்டம். மேடையில் கணவனுக்கும் மனைவிக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அதில் போய் உட்காருவதா வேண்டாமா என்று அவள் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

“இந்த ரசீதைச் செலவுக் கணக்குல என்னைக்குச் சேர்த்திருக்கார்?” என்று தணிக்கை கேட்டாள்.

ரேடியோ தேதியைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். “பையன் போன ஒன்பதாம் நாள், மேடம்.”

“ஒன்பதாம் நாள் ஒரு தகப்பன் உட்கார்ந்து சாப்பாட்டு பில்லுக்குப் படிவம் நிரப்பியிருக்கார்.” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நாலு வருஷக் கணக்குல இந்த ஓட்டல் பேர் ஒரு தடவைகூட வரல. திருட்டுத்தனமாப் போறவன் காசைக் கொடுத்துட்டு வாயைப் பொத்திட்டு வருவான். இவர் ஊரே பார்க்கற சுவத்துல ஒட்டியிருக்கார். யாரோ ஒருத்தர் கண்ணுல படணும்னு.”

“வீட்டுக்காரம்மா கண்ணுலயா? எந்தப் புருஷன் மேடம் தன் தலையில தானே கல்லைப் போட்டுப்பான்?”

“அதைத்தான் ஓட்டல்ல போய்க் கேக்கப் போறோம். கிளம்பு.”

ஓட்டல் வரவேற்பு மேசையில் இருந்தவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். விருந்தினர் விவரம் எதுவும் தருவதற்கில்லை என்றான். தணிக்கை நன்றி சொல்லிவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். சலவை அறையில் சோப்பு நெடி மூக்கைத் துளைத்தது. குன்று போல் குவிந்த விரிப்புகளுக்கு நடுவில் ஒரு பெண் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கோடு. கையில் எண்ணெய் ஏறிய நோட்டு.

“எதுக்குக்கா தனி நோட்டு? ஓட்டல்ல கணக்கு வைக்க மாட்டாங்களா?” என்று ரேடியோ ஆரம்பித்தான்.

“வைப்பாங்க. பத்து விரிப்புக்கு எட்டுன்னு வைப்பாங்க. எனக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. அதனால எந்த அறையில எத்தனை எடுத்தேன்னு நானே எழுதிக்கறது.”

தணிக்கை தேதியைச் சொன்னாள். அந்தப் பெண் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். ஆறாவது மாடி. 601, 602, 604… விரல் கீழே இறங்கி 607-க்குப் பிறகு 609-க்குத் தாவியது.

“608 காலி. அன்னைக்கு மட்டுமில்ல, அந்த வாரமே காலி. குளியலறையில குழாய் ஒழுகிச்சு, பூட்டி வச்சிருந்தாங்க.”

“விரிப்பு கலையாமலே ரெண்டு பேர் இருந்திருக்கலாம் இல்லையா? ஆளுக்கொரு நாற்காலியில உட்கார்ந்து தொகுதிப் பிரச்சினை பேசியிருப்பாங்க,” என்றான் ரேடியோ.

“துண்டுமா நனையாது? தண்ணி டம்ளருமா கழுவ வராது?” அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?”

ரேடியோ வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தான். தெருவுக்கு வந்ததும் மறுபடி திறந்துகொண்டது.

“ஆக, ரசீதைப் பின்னாடி வாங்கியிருக்கார். அப்படின்னா வேற இடம், வேற பொண்ணு. வெளிய தெரிஞ்சா நாறிப் போற மாதிரி யாரோ. அதை மறைக்க இதைச் சொல்றார்.”

“ஒரு ஆள் தன்னைக் கெட்டவனாக் காட்டற பொய்யை எப்பச் சொல்வான் ரேடியோ?”

“குடிச்சிருக்கும்போது.”

“அதைவிடக் கெட்டது ஒண்ணு உள்ள இருக்கும்போது.” அவள் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். “பொண்ணைத் தேடினது போதும். பொத்தானைத் தேடுவோம்.”

சபை அப்போது கூடவில்லை. கூட்டத் தொடருக்கு முன் ஒயர்களைச் சரிபார்க்கும் வேலை நடந்தது. தணிக்கையின் பழைய சிநேகிதி ஒருத்தி அலுவலகத்தில் இருந்ததால் அரை மணி நேர அனுமதிச் சீட்டு கிடைத்தது. காலியான மண்டபத்தில் மேசைக்கு மேசை குனிந்து விளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்த மின்பணியாளர், பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ரேடியோவை நாற்பத்தொன்றில் உட்காரவைத்தார். நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கை. பக்கத்தில் இருப்பது நாற்பத்திரண்டு மட்டும்தான்.

“ஆஹா,” என்று ரேடியோ சாய்ந்துகொண்டான். “மேடம், சம்பளத்தை ஏத்தச் சொல்லி ஒரு மசோதா கொண்டு வரட்டுமா?”

“ஓட்டுப் போடுங்க தம்பி,” என்றார் மின்பணியாளர்.

ரேடியோ பச்சைப் பொத்தானை அமுக்கினான். ஒன்றும் எரியவில்லை.

“ஒரு கை பத்தாது. இடது கையால அந்தக் கறுப்பு சுவிட்சைப் பிடிக்கணும், வலது கையால பொத்தானை அமுக்கணும். முதல் மணியிலிருந்து ரெண்டாவது மணி வரைக்கும் ரெண்டையும் விடக் கூடாது. பத்து செகண்டு. நடுவுல எதை எடுத்தாலும் ஓட்டு விழாது.”

“மூக்கு அரிச்சா?”

“அரிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். முன்னாடியெல்லாம் ஒரே ஆள் கையை நீட்டி நாலு பேருக்கு அமுக்கிட்டு இருந்தாங்க. அதை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு.”

தணிக்கை நாற்பத்திரண்டில் போய் உட்கார்ந்தாள். தன் சுவிட்சையும் பொத்தானையும் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் தீர்ந்துவிட்டது.

“கால் இருக்கே மேடம்.”

“சபாநாயகர் எதிர்லயே உட்கார்ந்திருப்பார் தம்பி. சபையில காலைத் தூக்கினா கட்சியிலேருந்தே தூக்கிடுவாங்க,” என்றார் மின்பணியாளர்.

தணிக்கை அச்சுப் பிரதியை மடியில் விரித்தாள். அன்றைய ஓட்டுப் பட்டியல் மட்டும் முழுதாக இருந்தது: இருக்கை 42, ஆதரவு. இருக்கை 41, எதிர்ப்பு. “நாற்பத்திரண்டு தன் ஓட்டைத் தானே ஒழுங்காப் போட்டிருக்கார். ரெண்டு கையும் அவருக்கே சரியாப் போச்சு. அப்ப நாற்பத்தொண்ணுல அமுக்கினது யார் கை? வேற யாராவது வந்து உட்கார்ந்திருக்கலாமா?”

“வந்தா அவங்க ஓட்டு போயிடுமே. அது போக, ஓட்டுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் மணி அடிக்கும். அது நின்னதும் கதவைச் சாத்திட்டுத் தலையை எண்ணுவாங்க. எண்ணினது பதிவேட்டுல இருக்கும்.” அவர் சபாநாயகர் மேசைக்குப் பின்னால் இருந்த தடித்த பதிவேட்டை எடுத்துவந்து தேடினார். “அன்னைக்கு நூத்திப் பதினஞ்சு தலை.”

ரேடியோ விரல்விட்டுக் கூட்டினான். ஐம்பத்தேழும் ஐம்பத்தெட்டும். நூற்றுப் பதினைந்து.

அவன் கை மெதுவாகப் பொத்தானை விட்டு விலகியது. “மேடம், அப்ப அவர் இங்கயேதான் உட்கார்ந்திருக்கார்.”

“ஊர்ல எல்லாரும் சபையில இருந்தேன்னு சொல்லிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போவாங்க. இவர் சபையில உட்கார்ந்துகிட்டு, பொண்ணு வீட்டுல இருந்தேன்னு சொல்றார்,” என்றாள் தணிக்கை. அவள் குரலில் வெற்றி பெற்ற தெம்பு இல்லை. அவளுக்கு மீதி என்ன என்பது ஏறக்குறைய தெரிந்துவிட்டது; தெரியாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. “டாக்டரம்மா போன் பண்ணிச் சொன்ன செய்தி எங்க போச்சுன்னு பார்க்கணும்.”

சபைக்கு வரும் செய்தி எதுவும் வாய் வார்த்தையாக உள்ளே போகாது. சீட்டில் எழுதி, பதிவேட்டில் நேரம் குறித்து, வாசல் ஊழியர் கொண்டுபோய் இருக்கையில் கொடுக்க வேண்டும். அன்று பிரதான வாசலில் இருந்த ஊழியர் இப்போது பின்வாசலில் இருந்தார். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. சட்டையில் பித்தளைப் பொத்தான்கள் பளபளத்தன. துடைக்க நிறைய நேரம் கிடைக்கிறது போலும்.

“எதுக்கு இங்க மாத்தினாங்க?” என்று தணிக்கை கேட்டாள்.

“ஒரு பக்கத்தைக் கிழிக்கச் சொன்னாங்க. மாட்டேன்னேன். பதிவேட்டுல பக்க எண் அச்சடிச்சிருக்கும்மா. எழுபத்தாறைக் கிழிச்சா எழுபத்தஞ்சுக்கு அப்புறம் எழுபத்தேழு வரும். நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?”

இப்படி ஒரு மனிதர் தன் பழைய அலுவலகத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று தணிக்கை நினைத்தாள். “கிழிக்கச் சொன்னது யாரு?”

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய், அலமாரியிலிருந்து அந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்து எழுபத்தாறாம் பக்கத்தைத் திறந்து வைத்தார். ரேடியோ குனிந்து வாய்விட்டுப் படித்தான்.

“செய்தி வந்த நேரம் 3.31. மகனுக்கு விபத்து. எதிர்த் தெரு மருத்துவமனை. முன்பணமும் கையெழுத்தும் இல்லாமல் ஆபரேஷன் இல்லை. உடனே போகவும். இருக்கை 41. நேரில் கொடுத்தது 3.36.” அவன் நிமிர்ந்தான். “மணி எப்ப அடிக்க ஆரம்பிச்சுது?”

“மூணு முப்பத்திநாலுக்கு. முப்பத்தொம்பதுக்குக் கதவைச் சாத்தினோம். அன்னைக்கு வரிசையா அஞ்சு மசோதா. நாலு இருபதுக்குத்தான் திறந்தோம்.”

“அவர் படிச்சாரா?”

“படிச்சார். ரெண்டு தடவை படிச்சார். ‘கதவு சாத்த மூணு நிமிஷம் இருக்குய்யா, பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போறேன், வாங்க’ன்னு சொன்னேன். கையைக்கூடப் பிடிச்சேம்மா. சபைக்குள்ள உறுப்பினர் மேல கை வைக்கக் கூடாது. இருந்தும் பிடிச்சேன்.” அவர் பதிவேட்டை மூடினார். “என் கையை விலக்கிட்டு, ‘இந்த ஒரு ஓட்டு முடியட்டும்’னார்.”

சைக்கிளை எடுக்க வந்த யாரோ மணியடித்து வழி கேட்டார்கள். ஊழியர் எழுந்து சங்கிலியை அவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இவ்வளவு நாள் யார்கிட்டயும் சொல்லலையா?” என்றான் ரேடியோ.

“யாரும் கேக்கலையே.”

எழுபத்தாறாம் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பும்போது தணிக்கை ஒன்பதாவது பக்கத்தை அவன் கையில் கொடுத்தாள். உறுப்பினரின் செயல்பாடுகள். மசோதா தோற்ற முப்பத்தொன்றாம் நாள்: சுகாதாரக் குழுத் தலைவராக நியமனம். தனி அறை, கார், உதவியாளர் இருவர்.

“ஏழைக்கு நல்லவர்னு பேர் வாங்க மசோதா கொண்டு வந்தார். மருத்துவமனை முதலாளிகளுக்கு நல்லவர்னு பேர் வாங்க அதைத் தோக்கடிச்சார். விலை முன்னாடியே பேசியாச்சு. ஒரே ஓட்டுலதான் தோக்கும், அந்த ஒரு ஓட்டு இவரோடதுன்னு தெரியும். எழுந்து போயிருந்தா ரெண்டு பக்கமும் அம்பத்தேழு. அதுக்கு மேல சபாநாயகர் இஷ்டம். அதை நம்பி இவருக்குப் பதவி தருவாங்களா?”

“சட்டம் ஜெயிச்சிருந்தாலும் அன்னைக்கே அந்தப் பையனுக்கு உதவியிருக்காது இல்ல மேடம்?”

“உதவியிருக்காது. அப்பா நாலு நிமிஷம் நடந்திருந்தா உதவியிருக்கும்.”

ரேடியோ பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். “அந்தம்மாகிட்ட ஓட்டல்ல யாரோ ஒருத்தி இருந்தா, பேர் கிடைக்கலன்னு சொல்லிட்டா என்ன? புருஷனோட இருந்துட்டுப் போகட்டுமே. நமக்கு என்ன நஷ்டம்?”

“நாம பொய் சொன்னா அவர் இன்னைக்கு மேடையில அழுவார். அவரோட கண்ணீரை அந்தம்மா தன் முந்தானையால துடைச்சு விடுவா. உனக்குப் பார்த்துட்டு இருக்க முடியுமா?”

ரேடியோ ஆட்டோக்காரரிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னான்.

கிளினிக்கை அடைந்தபோது மணி நாலு. எதிர்த் திடலில் நாற்காலிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. மாடியில் நர்ஸ் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே, பல் நாற்காலியில் அண்ணாந்து கிடந்தார் உறுப்பினர். கழுத்தில் பச்சைத் துணி. வாய் மூடாதபடி கடைவாயில் ரப்பர் கட்டை. கன்னங்களில் பஞ்சு. எச்சில் உறிஞ்சும் குழாய் உதட்டோரம் தொங்கிக் கொர்கொர் என்றது.

“மூணு நாளா பல்வலி. கூட்டத்துக்கு முன்னாடி சரி பண்ணிக் கொடுன்னார்,” என்றாள் டாக்டரம்மா. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. “ஒரு பக்கம் ஊசி போட்டாப் போதும். ரெண்டு பக்கமும் போட்டிருக்கேன். நாக்கும் மரத்துப் போச்சு. பேச விட்டா அவர் ஜெயிச்சுடுவார் மேடம், எப்பவும் ஜெயிச்சுடுவார். அவ பேரை அவர் முன்னாடியே சொல்லுங்க. ஒரு தடவையாவது நான் அவர் முகத்தை மட்டும் பார்க்கணும்.”

உறுப்பினர் தணிக்கையை யாரோ என்று பார்த்தார். பிறகு, மனைவி துப்பறிகிறவர்களை வைத்திருக்கிறாள் என்று புரிந்ததும் அவர் கண்ணில் பயம் வரவில்லை. வெட்கப்படுகிறவர் போல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நன்றாகத்தான் நடித்தார்.

“பேர் இல்லைங்க டாக்டர்,” என்றாள் தணிக்கை. “அப்படி ஒரு பொண்ணே இல்லை. அந்த அறை பூட்டிக் கிடந்தது. ரசீது பின்னாடி வாங்கினது.”

டாக்டரம்மா கையிலிருந்த கண்ணாடிக் கம்பியைத் தட்டில் போட்டாள். முகமூடியைக் கீழே இழுத்தாள். அந்த முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு வந்ததை ரேடியோவால் பார்க்க முடியவில்லை. சுவரில் இருந்த தாடைப் படத்தைப் பார்த்துக்கொண்டான்.

“இல்லையா? நிஜமாவே இல்லையா?” அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “இத்தனை நாளா இல்லாத ஒருத்தியையா நான் சபிச்சுட்டு இருந்தேன்?” குனிந்து கணவரின் கன்னத்தைத் தடவினாள். மரத்துப்போன கன்னம், அவருக்கு அது தெரிந்திருக்காது.

ஆனால் உறுப்பினர் தலையை வேகமாக ஆட்டத் தொடங்கியிருந்தார். இல்லை, இல்லை. இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். இரண்டு பேர். காற்றில் நீளமாகக் கூந்தல் வரைந்தார். நெஞ்சில் கை வைத்து, பிறகு மனைவியைப் பார்த்துக் கும்பிட்டார். தனக்கு ஒரு கள்ளக்காதலி இருப்பதை நம்பும்படி மனைவியிடம் கெஞ்சும் கணவரை ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குழாய் கொர்கொர் என்றது.

டாக்டரம்மாவின் கை கன்னத்திலிருந்து விலகியது. “அப்ப எங்க இருந்தார்?”

தணிக்கை எழுபத்தாறாம் பக்கத்தின் நகலைத் தட்டின் மேல் வைத்தாள். தலை எண்ணிய கணக்கையும், முப்பத்தொன்றாம் நாள் கிடைத்த பதவியையும் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். வாசல் ஊழியர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னாள். அவளுக்கு அதைவிடப் பக்குவமாகச் சொல்லத் தெரியவில்லை. பக்குவமாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா தான் போனில் சொன்ன வார்த்தைகளையே படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு சுழலும் முக்காலியை இழுத்து, எந்த நோயாளியிடமும் உட்காருவது போல அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“வலிச்சாக் கையைத் தூக்குங்கன்னு சொன்னேன் இல்ல? அந்தக் கையைத் தூக்குங்க. ஆமான்னா மட்டும் தூக்கினாப் போதும். இந்தச் சீட்டு உங்க கைக்கு வந்துச்சா?”

கை எழவில்லை. அவள் அவசரப்படவில்லை. கீழே யாரோ ஒலிபெருக்கியில் ‘சோதனை, சோதனை’ என்றான். வெகுநேரம் கழித்து இடது கை அரைக் கையாக எழுந்தது.

“கதவு சாத்தறதுக்கு முன்னாடியே வந்துச்சா?”

கை அப்படியே இருந்தது.

“நம்ம புள்ளைன்னு தெரிஞ்சுமா?”

கை இறங்கவில்லை. டாக்டரம்மா எழுந்தாள். கையுறைகளைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். பதிவேட்டு நகலை எடுத்துக்கொண்டு, வெள்ளை அங்கியோடு படியிறங்கிப் போனாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

உறுப்பினர் பாய்ந்து எழுந்தார். கட்டையையும் பஞ்சையும் பிடுங்கித் துப்பினார். வாய் ஒரு பக்கமாகத் தொங்கி, சட்டை முழுவதும் எச்சில் வழிந்தது. வாசல் வரை ஓடினார். அங்கே மாட்டியிருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். இந்த முகத்தோடு கேமராக்களுக்கு முன் போவதற்கு அவருக்குக் கால் வரவில்லை. ஜன்னலுக்குத் திரும்பினார். மனைவி மேடையேறிக்கொண்டிருந்தாள். கூட்டம் கைதட்டியது.

“எனக்குப் பேசிப் பழக்கமில்லை,” என்று ஒலிபெருக்கி சொன்னது. “ஒரே ஒரு பக்கம் படிச்சுக் காட்டறேன். சபை வாசல் பதிவேடு, பக்கம் எழுபத்தாறு.”

உறுப்பினர் கைப்பேசியை எடுத்து மேடைப் பொறுப்பாளரை அழைத்தார். “மை… ம்ழை… நிழ்…” என்றார். “ஐயா? ஐயா, ஒண்ணும் விளங்கல, இங்க ஒரே சத்தம்!” என்றது மறுமுனை. இன்னொரு தடவை முயன்றார். நாக்கு அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தணிக்கை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றாள். கடைசியில் கைப்பேசியை ரேடியோவின் கையில் திணித்து, திடலைக் காட்டி, தன் கழுத்தை அறுப்பது போல் சைகை செய்தார். மைக்கை நிறுத்தச் சொல். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

ரேடியோ கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டான். பேருந்து நிலையக் குரலில் நிதானமாகப் பேசினான்.

“ஐயா பக்கத்துலதான் இருக்கார். சொல்லச் சொன்னார். பின்னாடி இருக்கறவங்களுக்குச் சரியாக் கேக்கலையாம். மைக்கை இன்னும் கொஞ்சம் ஏத்துங்க.”

ஏற்றினார்கள்.